ஒன்பதாம் வளைவில் ஒரு படம்

"இந்தக் கேமரா சரியில்லைங்க அம்மிணி" என்றார் தெய்வசிகாமணி.

மலையடிவாரத்தில் பல்கீஸ் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தாள். வயது முப்பது. கேமராவும் கையுமாகக் காடுமேடெல்லாம் அலைகிறவள். அவருக்கு அறுபது. முப்பத்தோரு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கற்றுக்கொள்ள வந்தவர் அவர், கற்றுக்கொடுப்பவள் அவள். அதில் இருவருக்குமே கூச்சம் இல்லை.

பல்கீஸ் கேமராவை வாங்கி, ஜன்னல் வழியே எதிர்வீட்டு மொட்டைமாடியை ஒரு படம் எடுத்தாள். அவரிடம் காட்டினாள். கொடியில் துணிகளைக் கவ்வியிருந்த கிளிப்புகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"கேமரா நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா."

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப என்ற கைதான் நடுங்குது."

ஒரு டிரைவர் தன் வாயால் அதைச் சொல்வது லேசான காரியமா என்ன? சொல்லிவிட்டு அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் யாருக்குங்ண்ணா?"

"வீட்ல காட்டறதுக்கு."

அவர் மனைவி பூவாத்தாளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. இனி மலையேற முடியாது. ஒருநாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"தீவாளிக்கும் வரல, நோம்பிக்கும் வரல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லியுட்டாலும் வரல. முப்பத்தோரு வருசம் அந்த மலைல அப்படி என்னத்தத்தான் பாத்துட்டிருந்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கியிருப்பார். அவள் சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் அவரைக் குடைந்தது.

மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவிலிருந்து தெரிகிற பள்ளத்தாக்கைப் படமெடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்தார். மூன்று தடவை போய் வந்தார். மூன்று தடவையும் படம் கலங்கலாகவே வந்தது. ஒவ்வொரு தடவையும் பூவாத்தாள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், கடைசியில் கேட்டாள்.

"பனிங்களா?"

"ஆமா, பனி" என்று மூன்று தடவையும் புளுகினார்.

பல்கீஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் சொன்னதெல்லாம் செஞ்சீங்களா?"

"ஒண்ணு விடலீங்க. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வெச்சேன். மூச்ச மெதுவா விட்டுட்டு அமுக்குனேன். காலை வெளிச்சம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு ஷட்டர் வேகத்தக் கூட்டியும் வெச்சேன். எதுமேலயாச்சும் சாஞ்சுக்கோணும்னீங்க, ஜீப்பு மேல சாஞ்சுக்கிட்டேன்."

அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் தளும்பத் தளும்ப டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க."

எதற்கென்று புரியாமலே போய் வந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவருக்குப் பாதி உயிர் வந்தது.

"குடிங்க. நாளைக்குக் காலைல நானும் வர்றேன்."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவருடைய பழைய டீசல் ஜீப் ஒன்பதாம் வளைவில் போய் நின்றது. இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார்.

"தெனமும் இங்க நிறுத்துவனுங்க. எட்டு வளைவு தாண்டுனா எப்பிடியும் நாலு பேரு வாந்தி எடுப்பாங்க. ரெண்டு நிமிசம். அப்பறம் ஹாரன் அடிச்சுக் கெளப்பிருவேன்."

ஜீப்பின் முன்பக்கப் பானட்டின் மேல் சாய்ந்தார். முழங்கைகளை ஒட்டினார். மூச்சை விட்டார். பட்டனைப் பதமாக அமுக்கினார். பல்கீஸ் குறை சொல்ல அதில் எதுவும் இல்லை.

படத்தைப் பார்த்தார்.

"பாருங்க, மறுபடியும் பனி."

அவள் பிளாஸ்கைத் திறந்து, டம்ளரில் டீ ஊற்றி, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் பானட்டின் மேல் வைத்தாள்.

"குடிக்கறதுக்குங்களா?"

"பாக்கறதுக்கு."

டீயின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் குனிந்து பார்த்தார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"எனக்கு இது தெரியவே இல்லீங்களே அம்மிணி."

"எஞ்சின் ஓடுதுங்ண்ணா."

"நாந்தான் ஓட விட்டிருக்கேன். மலைல வண்டிய அணைக்கக் கூடாதுங்க. திருப்பிக் கெளம்பலீன்னா என்ன பண்றது?"

"எங்கயாச்சும் போகோணுமுங்களா?"

"இல்லீங்க."

"உள்ள ஆளுங்க காத்திருக்காங்களா?"

அவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு பழைய துண்டு மட்டும் கிடந்தது.

ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். ஜீப் ஒருதரம் உதறிவிட்டு அடங்கியது. டம்ளரில் டீயும் அடங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழே, இடது பக்கமாக, விடாமல். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இங்க அருவி இருக்குதுங்களா?"

"நீங்க பஸ் ஓட்ட வர்றதுக்கு முன்னாலயே இருக்குதுங்ண்ணா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் பானட்டில் சாய்ந்தார். மூச்சை விட்டார். அமுக்கினார்.

படத்தில் மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. இடது மூலையில், பாறையை ஒட்டி, வெள்ளையாக மெலிசாக அருவி விழுந்துகொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் தடவை இங்கே நின்றிருப்பார். வெட்கமாக இருந்தது அவருக்கு. கண்ணும் கலங்கிவிட்டது.

கேமராவைப் பல்கீஸிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"பூவா, அன்னிக்குக் கேட்டியே, மலைல அப்படி என்னத்தப் பாத்தீங்கன்னு. நான் ஒண்ணுமே பாக்கல பூவா."

அந்தப் பக்கம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"செரி, இப்பவாச்சும் நின்னு பாத்துட்டு வாங்க" என்றாள் பூவாத்தாள்.