பெயர் கேட்ட கணினி

அருப்புக்கோட்டை நூலகத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் ஷிஃபானா லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுத்தாள்; பழைய கணினியையும் அது வேகமாக ஓடவைக்கும். யாரோ கேலிக்குத்தான் அவளை முதலில் 'குரு' என்று கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு ஞாயிறு காலையில் பூங்கோதை ஆட்டோவில் கணினியோடு வந்து இறங்கினாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. குருவைவிட இருபது வயதாவது மூத்தவள்.

பள்ளிக் கணினிகள் எல்லாம் கிழடு தட்டிப்போயிருந்தன. ஒரு படம் திறப்பதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். காயலான் கடை வண்டி புதன்கிழமை வருவதாக இருந்தது. அது தெரிந்ததும் யாழினி என்ற சிறுமி, தான் படம் வரையும் கணினியின் முன்னால் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒன்றையாவது ஓடவைத்துக் காட்டுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். பூங்கோதை யாழினியின் கணினியைத் தூக்கி வந்துவிட்டாள்.

"குரு, இதுல லினக்ஸ் போட்டுக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குரு ஒரு பென் டிரைவை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க டீச்சர்."

"நானா? கெடுத்துட்டேன்னா?"

"கெட்டா எங்க போகும்?"

"காயலான் கடைக்கு."

"இப்ப எங்க போகுது?"

பூங்கோதை கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் வரைந்த படங்களை முதலில் வேறு கணினியில் சேர்த்து வைக்கச் சொன்னாள் குரு. பிறகு பென் டிரைவைச் செருகி, இயக்கும் வழியைக் காட்டினாள். அவ்வளவுதான். எழுந்து, அறையின் மறுகோடியில் வேறு மாணவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. என்ன மொழி? எந்த ஊர் நேரம்? உன் பெயர் என்ன? பூங்கோதை எழுத்துக்கூட்டிப் பதில் சொன்னாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டபோது மட்டும் விரல் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. கணினி அணைந்தது. மறுபடி எழுந்தது.

திரை முழுக்கக் கறுப்பு.

"குரு! செத்துப்போச்சு!"

குரு திரும்பவில்லை. "என்ன சொல்லுது?"

"ஒண்ணும் பேசலை. ஒரே இருட்டா இருக்கு." யாழினியிடம் கையசைத்து என்னவென்று சொல்வது?

"உங்க வகுப்புல ஒரு பிள்ளை சும்மா நின்னா என்ன செய்வீங்க?"

"முகத்தைப் பார்ப்பேன். கையைப் பார்ப்பேன்."

"பாருங்க."

பூங்கோதை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். இருட்டின் மேல்மூலையில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்துகள். கடைசியில் ஒரு சிறு கோடு மின்னி மின்னி நின்றது.

"பேர் கேக்குது, குரு."

"செத்தவங்க பேர் கேப்பாங்களா?"

பூங்கோதை தன் பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். கணினி அவளை உள்ளே விட்டது. ஆனால் படமும் இல்லை, பட்டனும் இல்லை, வெறும் எழுத்து. வெகுநேரம் யோசித்தாள். படமும் பட்டனும் உள்ள திரை வேண்டுமா என்று நடுவில் ஒரு கேள்வி வந்ததும், இருந்த டிக்கைக் கைதவறி எடுத்துவிட்டதும் நினைவுக்கு வந்தது.

குருவைக் கூப்பிட வாயெடுத்தாள். குரு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். பூங்கோதை பென் டிரைவை மறுபடி செருகி, முதலிலிருந்து தொடங்கினாள்.

மாணவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துத் திரும்பியபோது அவள் திரையில் மலைகளும் வானமும் விரிந்திருந்தன. சுட்டியைத் தொட்டால் உடனே திறந்தது. வரையும் செயலியில் கோணல்மாணலாக ஒரு யானை. அதன் வயிற்றில் தமிழில் 'யாழினி'.

"மீதியை நானே பள்ளிக்கூடத்துல போட்டுக்கறேன்," என்றாள் பூங்கோதை. முகமெல்லாம் வெளிச்சம்.

பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்து, கணினியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அங்க ஏதாவது தப்பாயிட்டா, குரு? நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே."

"இன்னைக்குத் தப்பானப்ப நான் எங்க இருந்தேன், டீச்சர்?"

பூங்கோதை, குரு உட்கார்ந்திருந்த மறுகோடியைப் பார்த்தாள். பிறகு கணினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.