இடப்பக்கம் இழுத்த நாற்காலி

“நான் எதைச் செய்யாம விட்டேனுங்க டீச்சர்?” என்று கேட்டார் ஆறுச்சாமி.

கேட்டவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பதில் சொல்ல வேண்டிய ரெஜினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சிங்காநல்லூரில் ரெஜினா வீட்டுக் கார்ஷெட்டில் இதுவரை கார் நின்றதில்லை. கடைசல் பிடிக்க ஒரு சின்ன லேத், துளை போடும் மெஷின், சுவரில் வரிசையாக ராவும் அரங்கள். பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு பட்டறை போட்டுக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுப்பார் என்பதும் பேச்சுக்குத்தான். அவர் பாட்டுக்குச் செய்வார், பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது வந்தவர் பாடு.

பார்த்துச் செய்வதில் ஆறுச்சாமியை யாரும் அசைக்க முடியாது. நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகல் எடுத்தே ஓய்வு பெற்றவர். ‘ஈயடிச்சான் காப்பி’ என்று அங்கே கேலி செய்வார்கள். அவர் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டார்.

பட்டறைக்கு அவர் வந்த காரணம் மனைவி வள்ளிநாயகியின் சக்கர நாற்காலி. முன்பக்கத்து இடது சின்னச் சக்கரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் புஷ் உண்டு. சக்கரத்துக்கும் நடுவில் போகும் போல்ட்டுக்கும் இடையே உட்காரும் சின்ன வளையம். அது தேய்ந்ததிலிருந்து நாற்காலி இடப்பக்கமாகச் சாக்கடையைப் பார்த்து இழுத்தது. உதிரி பாகம் கேட்டால், கடைக்காரர் புது நாற்காலியைக் காட்டினார்.

வள்ளிநாயகி சாயங்காலமானால் தெருக்கோடியில் கேரம் ஆடப் போகிறவர். தானே உருட்டிக்கொண்டுதான் போவார். “நான் தள்ளிட்டு வர்றேன்” என்று ஆறுச்சாமி சொன்னபோது, “தள்ளிட்டுப் போறதுக்கு நான் என்ன காய்கறி வண்டியா?” என்று கேட்டுவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார். அதோடு ஆட்டம் நின்றது. வீட்டில் சிரிப்பும் குறைந்துபோனது. ஆறுச்சாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்று சாயங்காலம் தெருவில் கேரம் போட்டி. வள்ளிநாயகியும் ஆட்டோவில் கூடவே வந்து, ஷெட்டு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி பக்கத்தில் நின்றது. போன ஞாயிறு ஆறுச்சாமி தானே கடைந்து மாட்டிய புது புஷ் அதில் இருந்தது. இருந்தும் நாற்காலி அதே பக்கம்தான் இழுத்தது.

ரெஜினா சக்கரத்தைக் கழற்றினார். புது புஷ்ஷை எடுத்து, பழசுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நிறம் மட்டும் இல்லைன்னா எது பழசுன்னே தெரியாதுங்க சார்.”

ஆறுச்சாமிக்கு முகம் மலர்ந்தது. “எல்லாம் டீச்சர் ஆசீர்வாதம்.”

“இந்த ஓட்டை ஏன் இவ்வளவு லூசா இருக்கு?”

“பழசுல அவ்வளவுதானுங்க இருக்கு. வெர்னியர் ஸ்கேல் வெச்சு அளந்தேன்.”

“இந்த ஓரம் சரிஞ்சிருக்கே?”

“பழசுல சரிஞ்சிருக்குங்களே! அந்தச் சரிவு லேத்துல வரலை. அரத்துல ராவி ராவிக் கொண்டாந்தேன். ஒரு சாயங்காலம் பூராவும் ஆச்சு.”

வள்ளிநாயகி தலையில் அடித்துக்கொண்டார்.

ரெஜினா சிரிக்கவில்லை. பழைய புஷ்ஷை எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டு மூடினார். புதுசையும் மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

“இப்போ செய்யுங்க.”

“மாதிரியைத் தூக்கிப் போட்டுட்டா எதைப் பார்த்துங்க செய்யறது?”

ரெஜினா சக்கரத்தை அவருடைய ஒரு கையிலும் போல்ட்டை இன்னொரு கையிலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறுச்சாமி இரண்டையும் ஏந்திக்கொண்டு திருதிருவென்று விழித்தார். சக்கரத்தின் துளையை எட்டிப் பார்த்தார். போல்ட்டை அதில் விட்டுப் பார்த்தார். அது நடுவில் தொளதொளவென்று ஆடியது. சுற்றிலும் காலி இடம்.

“அட!” என்றார்.

வெர்னியரை எடுத்து முதலில் துளையை அளந்தார், பிறகு போல்ட்டை அளந்தார். மிச்சமிருந்த நைலான் ராடை லேத்தில் மாட்டினார். ராடு ஒரு புஷ்ஷுக்குத்தான் காணும். வெள்ளைச் சுருள்கள் கையெல்லாம் விழுந்தன. ரெஜினா திரும்பி வந்தபோது புஷ் தயாராக இருந்தது. ஓரத்துப் பிசிறை மட்டும் சின்னக் கத்தியால் சீவ வேண்டும்.

அங்கேதான் ஆறுச்சாமி எப்போதும் திணறுவார். ரெஜினா கத்தி பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆறுச்சாமியும் அப்படியே நீட்டிப் பிடிப்பார். பழக்கத்துக்கு வரட்டும் என்று வீட்டில் காபி டம்ளரைக்கூட அப்படித்தான் பிடித்தார். “யாரைக் காட்டிக்கொடுக்கறீங்க?” என்று வள்ளிநாயகி கேட்டுக்கொண்டே இருந்தார். கத்தி மட்டும் வசப்படவில்லை. இப்போதும் இரண்டு தரம் வழுக்கியது. இன்னொரு தரம் வழுக்கி ஆழமாக வெட்டிவிட்டால் புஷ் போச்சு, போட்டியும் போச்சு.

ரெஜினா பென்சிலால் அவருடைய நீட்டிய விரலை மெல்லத் தட்டினார்.

“மடக்குங்க.”

“நீங்க நீட்டித்தானுங்களே...”

“மடக்குங்க சார்.”

அரை மனதாக மடக்கினார். கத்தி பிடிபட்டது. பிசிறு அறுபடாமல் ஒரே இழையாகச் சுருண்டு வந்தது.

புஷ்ஷைத் துளைக்குள் அழுத்தினார். சிக்கென்று உட்கார்ந்தது. போல்ட்டை விட்டார். ஆட்டமே இல்லை. சக்கரத்தை மாட்டி, வள்ளிநாயகியைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்தார். பழக்கத்தில் பின்னால் போய்ப் பிடியைப் பிடிக்கப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

வள்ளிநாயகி ஒரு தள்ளுத் தள்ளினார். நாற்காலி சிமெண்டுத் தரையில் நேராகப் போனது. இன்னொரு தள்ளு. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை.

“ஏனுங்க, நான் அப்படியே முக்கு வரைக்கும் ஒரு சுத்துப் போய்ட்டு வர்றேன்!” என்ற குரல் மட்டும் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறுச்சாமிக்குச் சந்தோஷம்தான். கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்தார். ரெஜினா லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிடித்த கையிலும் அந்த விரல் நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

“டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. என்னை மடக்கச் சொன்னீங்க. நீங்க மட்டும் நீட்டியே பிடிக்கறீங்க. அதுல ஏதோ சூட்சுமம் இருக்குங்க. எனக்குச் சொல்லாம வெச்சிருக்கீங்க.”

ரெஜினா துணியைக் கீழே வைத்தார். கையை அவர் பக்கம் நீட்டினார். மற்ற விரல்களை மடக்கிக் காட்டினார்.

“கம்பெனியில பிரஸ் மெஷின்ல மாட்டி நசுங்கினதுங்க சார். மடக்க முடிஞ்சா நானும் மடக்கித்தான் பிடிப்பேன்.”