தூங்கிய நீதிபதி

வெகு காலத்துக்கு முன்னால் மாங்குன்ற நாட்டைக் கேசரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. அந்த மனசைக் கட்டி மேய்ப்பதிலேயே மந்திரி மதுரநாயகத்துக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

ஒருநாள் எருமை மேய்க்கும் வெள்ளச்சி மந்திரியிடம் அழுதுகொண்டே வந்தாள்.

"சாமி, கன்னுலேருந்து நான் வளர்த்த எருமையைப் பக்கத்து வீட்டுக்காரன் தன்னுதுன்னு வழக்குப் போட்டான். நான் பேசப் பேச நீதிபதி ஐயா குறட்டை விட்டாரு. கண்ணு முழிச்சதும் 'எதிராளி குற்றவாளி'ன்னுட்டாரு. எருமையும் போச்சு. ஆறு மாசம் யானைக் கொட்டாரத்துல சாணி அள்ளணுமாம்!"

நீதிபதி உலகளந்தார் சபையில் தூங்குவது ஊரறிந்த விஷயம். ஆனால் அவர் ராஜாவுக்குத் தாய்மாமன் ஆயிற்றே! இருந்தாலும் மந்திரி துணிந்து போய் ராஜாவிடம் சொன்னார்.

ராஜா சீறினான். "மாமா கண்ணை மூடி யோசிப்பார் ஐயா! அதோடு, இந்த நாட்டில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். அவரை யார் விசாரிப்பது?"

"அவரே விசாரிக்கட்டும், மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தன்னைத்தானே அவர் தண்டிப்பாரா? அப்படி நடந்தால் நீர் கேட்டதைத் தருகிறேன். நடக்காவிட்டால் நாளை முதல் எருமை மேய்க்கப் போம்!"

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து சபை கூடியது. ராஜா திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். மந்திரி எழுந்து, நீதிபதியின் பட்டப்பெயர்களைத் தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் படித்தார். மூன்றாவது பட்டத்திலேயே உலகளந்தாரின் மோவாய் மார்பில் சாய்ந்தது.

"உன் வழக்கைச் சொல்லம்மா. எதிராளி யார்?" என்று மந்திரி வெள்ளச்சியைக் கேட்டார்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். "நீதிபதி உலகளந்தாருங்க. வழக்கைக் கேட்காமத் தூங்கிட்டுத் தீர்ப்புச் சொல்றாருங்க."

"எதிராளி மறுக்கிறாரா?"

கொர்ர்... என்று பதில் வந்தது. சபையார் மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மந்திரி மணியை ஓங்கி அடித்தார். உலகளந்தார் துள்ளி நிமிர்ந்தார்.

"தீர விசாரித்தோம்! எதிராளி குற்றவாளி! ஆறு மாதம் யானைக் கொட்டாரத்தில் சாணி அள்ளட்டும்!"

திரை விலகியது. "எதிராளி யார், மாமா?" என்றான் ராஜா.

மந்திரி வழக்கோலையை நீட்டினார். படித்த உலகளந்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. "செல்லாது, செல்லாது! நான் தூங்கும்போது நடந்த விசாரணை எப்படிச் செல்லும்?"

"அப்படியானால் வெள்ளச்சிக்குச் சொன்ன தீர்ப்பும் செல்லாது, எருமையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். செல்லும் என்றால் கொட்டாரத்துக்குக் கிளம்புங்கள். எது ஐயா?" என்றார் மந்திரி.

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தான். சிரிக்கும்போதே சாணி காய்ந்திருந்த வெள்ளச்சியின் கைகள் அவன் கண்ணில் பட்டன. சிரிப்பு நின்றது.

"இவரை உட்காரவைத்தது நான்தானே. தாயே, எருமை உன்னுடையது. இவர் தீர்த்த வழக்கெல்லாம் மறுபடி நடக்கட்டும். மாமா, பதவியை இறக்கிவைத்துவிட்டுக் கொட்டாரத்துக்குப் போங்கள். பசித்த யானை உங்களைத் தூங்கவிடாது! மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?"

"இனி எந்த நீதிபதிமேல் யார் புகார் கொண்டுவந்தாலும் தாங்களே உட்கார்ந்து கேட்க வேண்டும், மகாராஜா."

ராஜா சரிந்த கிரீடத்தை நேராக வைத்துக்கொண்டான். "கேட்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வரச் சொல்லும்!"