எக்ஸ்டர்னல் சாருக்கு என்ன வியாதி?

குதிரைக்கொம்பனூர் மேல்நிலைப் பள்ளியைத் தேடி நீங்கள் பஸ் ஏற வேண்டாம், டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அங்கே பிளஸ் டூவில் நர்சிங் பிரிவு இருந்தது சத்தியம். ரெண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தால் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குப் போகலாம். கட்டில் ஒன்று, பி.பி. மிஷின் ஒன்று, ரெண்டு கையும் கழன்றுபோன பொம்மை ஒன்று, மாணவர்கள் மூன்று. பிரிவு அவ்வளவுதான்.

வேம்புலி எதையும் நன்றாக யோசித்துத்தான் சொல்வான், தொல்லையே அதுதான். குணாளன் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான். பிலோமினா எழுதுவாள். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதுவாள்.

இவர்களுக்குப் பாடம் எடுத்த புண்ணியவதி மங்கையர்க்கரசி டீச்சர். அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செய்முறைத் தேர்வில் மூன்று பேரும் பாஸாகாவிட்டால் பிரிவை மூடிவிட்டு, டீச்சரை மலைமேல் இருக்கிற பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். டீச்சருக்கு மேம்பாலத்தில் பஸ் ஏறினாலே குமட்டும். மலைக்கு எங்கே போவது? அதைவிட, இந்த மூன்று பிள்ளைகளை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

"டீச்சர் போயிட்டா நம்மள யாருடா திட்டுவாங்க?" என்று குணாளன் அழுதே விட்டான்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றே மூன்று விஷயம் சொன்னார். "நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவணும், கழுவின கையால வேற எதையும் தொடக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்லைன்னு நோயாளி சொன்னா நம்பக் கூடாது. எல்லாத்தையும் நோட்டுல எழுதணும், எழுதாதது நடக்கவே இல்லைன்னு அர்த்தம்."

"உயிர் போனாலும் இந்த மூணையும் விடக் கூடாது" என்றான் வேம்புலி. விடவும் இல்லை, பாவிகள்.

மறுநாள் மூன்று பேரும் கை கழுவினார்கள். குழாயை மூடப் போன குணாளனை வேம்புலி தடுத்தான்.

"டேய், குழாயைத் தொட்டா கை அழுக்காயிடும்."

"மூடிட்டு மறுபடி கழுவறேன்."

"மறுபடி கழுவினா மறுபடி மூடணுமே?"

மூவரும் யோசித்தார்கள். தண்ணீர் யோசிக்கவில்லை, அது பாட்டுக்குப் போனது. மாடித் தொட்டி முக்கால்வாசி காலியானபோது ஹெச்.எம். தணிகாசலம் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மூடித் தொலைக்கிறதுக்கு என்னடா?" என்று தானே மூடினார்.

வேம்புலிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? ஹெச்.எம். கை ஏற்கெனவே அழுக்கு. இனிமே அவரையே கூப்பிட்டுக்கலாம்."

அன்றிலிருந்து ஹெச்.எம்முக்கு தினமும் காலையில் குழாய் மூடுகிற வேலை சேர்ந்துகொண்டது. வராவிட்டால் தொட்டி காலியாகும், அவர்தான் என்ன செய்வார்?

இன்னொரு நாள் வேம்புலி ஸ்டூலிலிருந்து தடாலென்று விழுந்தான். "தூக்கி விடுங்களேன்" என்று முனகினான்.

பிலோமினா நோட்டைப் புரட்டினாள். "நீ விழுந்ததா இதுல இல்லையே."

வேம்புலி படுத்தபடியே யோசித்தான். "ஆமா, நான் இன்னும் விழலை. சரி, எழுது."

"பேனா உன் முதுகுக்கு அடியில இருக்கு. எழுந்திரு, எடுத்துக்கறேன்."

"விழாம எப்படி எழுந்திருக்கிறது?"

நியாயம்தானே? டீச்சர் வேறொரு பேனாவோடு வந்து சேரும்வரை அவன் தரையில்தான் கிடந்தான்.

தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வருகிறவரைப் பிள்ளைகள் எக்ஸ்டர்னல் என்பார்கள். அன்றைக்கு வந்தவர் பரஞ்சோதி சார். விதிப்படி தேர்வு முடிகிறவரை டீச்சர் வெளியேதான் நிற்க வேண்டும். வராந்தாவில் நின்றபடி அவர் வேண்டாத தெய்வமில்லை.

பரஞ்சோதி சார் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாடி பார்க்க இதுக்குக் கையே இல்லையே. சரி, என்னையே நோயாளின்னு வெச்சுக்குங்க" என்று கட்டிலில் படுத்தார். ஐயோ, அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

பிலோமினா உடனே எழுதினாள்: 'காலை பத்து மணி. நோயாளி வந்தார்.'

குணாளன் நாடி பார்த்தான், எழுபத்திரண்டு. பி.பி. பார்த்தான், அதுவும் சரி. அப்பழுக்கில்லாமல் செய்தார்கள் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க, போதும்" என்று சார் எழுந்தார். வேம்புலி அவர் தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தான்.

"படுங்க சார். ஒண்ணுமில்லைன்னுதான் எல்லா நோயாளியும் சொல்லுவாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லை தம்பி, நான் எக்ஸ்டர்னல்ப்பா!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம்" என்ற பிலோமினா, 'தன்னை அதிகாரி என்று சொல்லிக்கொள்கிறார்' என்று எழுதினாள்.

குணாளனுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். "டேய், நிஜமாவே எக்ஸ்டர்னலா இருந்தா?"

"எக்ஸ்டர்னல் வந்ததா நோட்டுல இருக்கா?"

பிலோமினா பார்த்தாள். "இல்லை. நோயாளி வந்ததாத்தான் இருக்கு."

"அப்ப சார் இன்னும் வரலை. வர்றதுக்குள்ள இவரைக் குணப்படுத்தணும். இல்லேன்னா டீச்சர் மலைக்குப் போயிடுவாங்க!"

டீச்சர் பேரைக் கேட்டதும் மூன்று பேருக்கும் வேகம் வந்துவிட்டது. சார் கத்தினார். மறுபடி பி.பி. பார்த்தார்கள், நூற்றெண்பது. "பாத்தியா? ஒண்ணுமில்லைன்னாரே" என்றான் வேம்புலி. சார் காலை உதறினார். கால் துடிக்கிறது என்று பாதத்திலிருந்து முழங்கால்வரை கட்டுப் போட்டார்கள். அப்புறம் தலையை ஆட்டினார். தலைக்கும் போட்டார்கள்.

கடைசியில் பரஞ்சோதி சார் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்த மார்க் ஷீட்டைக் குடுங்க சாமி. மூணு பேருக்கும் முழு மார்க். ஆளை விடுங்க!"

"நோயாளி ஆசைப்பட்டுக் கேக்கறாரு, குடுப்போம்" என்றாள் பிலோமினா.

சார் மார்க் போட்டார், கையெழுத்துப் போட்டார், ஜன்னல் வழியாகக் குதித்தார். கட்டுத் துணி பின்னால் இழுபட, பஸ் ஸ்டாண்டுவரை நிற்கவில்லை.

டீச்சர் உள்ளே வந்து மார்க் ஷீட்டைப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "என் கண்ணுங்களா! எல்லாரும் பாஸ்!"

வேம்புலி தொண்டையைச் செருமிக்கொண்டான். "நம்பாதீங்க டீச்சர். அது நோயாளி எழுதினது. எக்ஸ்டர்னல் சார் இன்னும் வரலை."

டீச்சர் நோட்டை ஒரு பக்கம் படித்தார், ஜன்னலைப் பார்த்தார். மார்க் ஷீட்டைக் கவரில் போட்டு ஒட்டி, தானே கொண்டுபோய் அனுப்பிவிட்டு வந்தார்.

பிரிவு தப்பியது. டீச்சரும் தப்பினார். 'மூவரும் முழு மார்க்' என்ற சேதி பரவி, ஜூன் மாதம் புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

முதல் நாள் டீச்சர் பதிவேடு வாங்க ஆபீஸுக்குப் போயிருந்தார். வகுப்பு வாசலில் யூனிபாரம் போட்டுக்கொண்டு நம் மூன்று பேரும் நின்றார்கள். எக்ஸ்டர்னல் இன்னும் வரவில்லையே, தேர்வு எழுதாமல் எப்படிப் போவது? சும்மா நிற்காமல் புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து பேரும் கையைக் கழுவி, சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாத்தியிருந்த கதவின் முன்னால் நின்றார்கள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"குழாயை மூடணும், கதவைத் திறக்கணும். ஹெச்.எம்மைக் கூட்டிட்டு வா" என்றான் வேம்புலி. புதுப் பெண் ஒருத்தி ஓடினாள். போன வேகத்தில் தனியாகத் திரும்பி வந்தாள்.

"அண்ணா, ஹெச்.எம். இப்பதான் டிபன் சாப்பிட்டுக் கை கழுவினாராம். அவர் ரூம் கதவைத் திறந்துவிட யாராவது வாங்கன்னு உள்ளேயிருந்து கூப்பிடறாரு!"