தங்கசாலைக்குப் போட்ட காவல்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு ஒரு ராஜா மலைக்கு ஒரு ராஜா என்று ராஜாக்கள் மலிந்து கிடந்த நாளில், விசயகண்டன் என்றோர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் தன் முகத்தின் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. பிறந்தநாள் வந்தாலும் சரி, பட்டத்து யானைக்குப் புது அம்பாரி வந்தாலும் சரி, பழைய பொற்காசுகளை உருக்கித் தன் முகம் பொறித்த புதுக் காசு அடிக்கச் சொல்லிவிடுவான். ஒவ்வொரு முறையும் பொக்கிஷதார் நாகநாதர் கொஞ்சம் செம்பைக் கலந்து, விழாச் செலவுக்குப் பொன் மிச்சம் பிடித்துக் கொடுப்பார். அதனால் அவர் மேல் அரசனுக்குத் தனிப் பிரியம்.

ஒருநாள் சபையில் அரசன் கேட்டான்: "ஐந்நூறு ஆண்டு கழித்தும் எமது காசு இதே மதிப்போடு இருக்குமா?"

"இருக்கும், இருக்கும்" என்றது சபை. விகடகவி தாண்டவக்கோன் மட்டும் அடக்க மாட்டாமல் சிரித்துத் தொலைத்தான்.

நாகநாதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. உடனே எழுந்தார். "அரசே, சிரித்தவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். இன்று ஒரு காசுக்கு ஓர் ஆடு. பௌர்ணமிதோறும் சந்தையில் சோதிப்போம். ஆடு கிடைக்காத மாதம் இவர் தலையை எடுத்துவிடலாம்."

"நல்ல யோசனை. தாண்டவக்கோனே, எமது காசின் மதிப்பைக் குறைப்பவர் எவராயினும் தடுத்து நிறுத்துவது உன் கடமை. நூறு வீரர்களை அழைத்துக்கொள்" என்றான் அரசன்.

அன்று தாண்டவக்கோன் நாளை எண்ணிப் பார்த்தான். அரசனின் பிறந்தநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது, பௌர்ணமிக்குப் பதினைந்து நாள். ஆட்டு வியாபாரி காசில் இருக்கும் முகத்தையா பார்க்கிறான்? உரைகல்லில் தேய்த்துப் பொன்னை அல்லவா பார்க்கிறான்! இன்னும் இரண்டு பிடி செம்பு விழுந்தால் ஆடு போச்சு, தலையும் போச்சு. பயம் அவனை நன்றாகவே பிடித்துக்கொண்டது.

மறுநாள் அவன் வீரர்களைச் சந்தைக்கு அனுப்புவான், பொக்கிஷத்துக்கு அனுப்புவான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவனோ காசு அடிக்கும் தங்கசாலையை இழுத்துப் பூட்டி, நூறு பேரையும் அதன் வாசலில் நிறுத்தினான். யார் யாரை உள்ளே விடக்கூடாது என்று ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தான்.

செம்பு வண்டியோடு வந்த நாகநாதரை வீரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர் அரண்மனைக்கு ஓடி, "பிறந்தநாள் காசே அடிக்க முடியவில்லை" என்று முறையிட்டார். அரசன் கொதித்துப்போய்த் தானே கிளம்பி வந்தான். வாசலில் இரண்டு ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"நான் யாரென்று தெரிகிறதா?"

"தெரியாம இருக்குமா மகாராஜா?" என்றான் காவலர் தலைவன். "தெரிஞ்சுதான் நிறுத்துறோம். பட்டியல்ல மொதப் பேரே உங்க பேருதான்."

அரசன் வாள் மேல் கை வைத்தான். தாண்டவக்கோன் முன்னால் வந்து, ஓர் உரைகல்லை நீட்டினான். அதில் மூன்று கோடுகள் இருந்தன.

"அரசே, முதல் கோடு தங்கள் பாட்டனார் காசு. அடுத்தது தந்தையார் காசு. மூன்றாவது தங்களுடையது. மதிப்பைக் குறைப்பவர் எவராயினும் நிறுத்தச் சொன்னீர்கள். கள்ளர்கள் காசை எடுத்துப் போகிறார்களே தவிர, அதன் மதிப்பை எடுப்பதில்லை. மதிப்பு இந்த வாசல் வழியாகத்தான் போகிறது."

முதல் கோடு மஞ்சளாக மின்னியது. மூன்றாவது செம்பு போலச் சிவந்து கிடந்தது. அரசன் கல்லை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு, தன் நாட்டு வீரனே தன்னை மறித்து நிற்பதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"பூட்டு அப்படியே இருக்கட்டும்" என்றான். "நாகநாதரே, இனிப் பௌர்ணமிதோறும் சந்தைக்குப் போய் ஒரு காசுக்கு ஓர் ஆடு வாங்கி, நீரே இழுத்து வாரும். தாண்டவக்கோனே, உனக்கு ஆயிரம் பொற்காசு."

"கோபிக்கக் கூடாது அரசே. நெல்லாகக் கொடுத்துவிடுங்கள்."

"ஏன், நீ போட்ட காவலில் உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"தாங்கள் இருக்கும்வரை இருக்கிறது. அடுத்த ராஜா பட்டத்துக்கு வந்ததும், முதல் வேலையாக இந்த நூறு பேரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, நூறு வண்டி நெல் கொடுத்தனுப்பினான்.