நாச்சியப்பன் கடை அலாரம்

இருபது வருடம் டிவி ரிப்பேர் பார்த்த அந்தோணிராஜ், டிவிகள் கெட்டுப்போவதையே விட்டுவிட்டதால், நாற்பத்தேழு வயதில் அலாரம் மாட்டும் வேலை கற்க வந்தார். குரு யமுனாவுக்கு வயது இருபத்தொன்பது. குரு சிஷ்யனை "அண்ணே" என்பாள். சிஷ்யன் குருவை "மேடம்" என்பார்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் நாச்சியப்பன் தன் நகைக்கடையைத் திறந்ததும் அலாரம் அலறத் தொடங்கியது. அதை நிறுத்தும் நாலு எண்ணும் அவருக்கு மறந்துபோயிற்று. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, திருடனைப் பார்க்கும் ஆசையில் தெருவே கூடியிருந்தது.

யமுனா ஏணியை விரித்தாள். "பெட்டியைக் கழட்டி முதல்ல இருந்து வைக்கணும் ஐயா. அரை மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள என் காது போயிடும் பாப்பா."

அந்தோணிராஜ் அவள் பக்கம் குனிந்தார். "நம்பரைச் சொல்லிட்டா முடிஞ்சுது மேடம்."

"அது நமக்கு எப்படிண்ணே தெரியும்?"

நாலு எண்ணை ஞாபகம் வைக்கத் துப்பில்லாதவளிடமா தொழில் கற்கிறோம் என்று அவருக்கு வருத்தமாகிவிட்டது. நேரே போய் நாலு பொத்தானை அமுக்கினார். அலாரம் நின்றது.

நாச்சியப்பன் அவரைக் கட்டிக்கொண்டார். காபியும் மெதுவடையும் வந்தன. பாதி வடையில் நாச்சியப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"அது சரி, உனக்கு எப்படி நம்பர் தெரியும்?"

"போன மாசம் சர்வீஸுக்கு வந்திருந்தோமே, நீங்க அமுக்கினப்போ பக்கத்துலதான்யா நின்னேன்."

"லாக்கருக்கும் அதே நம்பர்தான்யா வச்சிருக்கேன்."

நாச்சியப்பன் காபித் தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுக் கிளம்புங்க. எனக்குப் பூட்டே போதும்."

வேலை போனது என்று அந்தோணிராஜுக்குப் புரிந்தது. வடையைத் தட்டில் வைத்தார்.

நாச்சியப்பன் யமுனாவைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா பாப்பா?"

"மூணு வருஷமா நீங்க நம்பர் அமுக்கும்போதெல்லாம் நான் அந்தச் சுவத்தைப் பார்த்துத்தான் ஐயா நிக்கிறேன். உங்க தாத்தா படத்துக்குப் பின்னாடி பல்லி ரெண்டு முட்டை வச்சிருக்கு. வேற ஒண்ணும் தெரியாது."

நாச்சியப்பன் எழுந்து போய்ப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு இருந்தன.

"சரி, புது நம்பர் வைக்கிறேன்" என்றார்.

அந்தோணிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.