உச்சி வெயிலில் ஒரு திரை

குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. படகுகளின் ஜிபிஎஸ் கருவிகளைப் பழுது பார்க்கும் ஹபீபாவிடம், மீனவர் சங்கச் செயலாளர் கஸ்பார் ஒரு வருடமாகத் தொழில் கற்கிறார். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்கத்தின் முப்பது வள்ளங்களுக்கும் கையடக்கக் கருவி வாங்க வேண்டும். அவற்றில் ஒன்றில்தான் அவர் மகன் கடலுக்குப் போகிறான். கஸ்பார் இரண்டு மாதிரிகளோடு வந்தார். ஒன்றின் திரை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. மற்றது சாம்பல் பூத்துக் கிடந்தது.

“எத வாங்கலாம் டீச்சர்? எனக்குக் கலர் திரைதான் பிடிச்சிருக்கு. கரையில உச்சி வெயில்ல வச்சே பாத்துட்டேன். எழுத்தெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது.”

“நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வாங்க அண்ணாச்சி, ஒரு சுத்து போயிட்டு வருவோம்,” என்றாள் ஹபீபா.

கடலில் கலர் திரையை அவர் முன்னால் பலகையில் பொருத்தினாள். அவருடைய வலது கையில் சுக்கானையும் இடது கையில் வலைக் கயிற்றையும் கொடுத்தாள்.

“கயித்த விட்டுராதீங்க, வலை போயிரும். பாறை எங்க இருக்குன்னு திரையில பாத்து ஓட்டுங்க.”

வள்ளம் மெல்ல நகர்ந்தது. கஸ்பார் குனிந்தார். திரையில் பாறையும் இல்லை, பாதையும் இல்லை. வியர்த்து வழியும் அவர் முகம்தான் இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதே முகம்தான்.

ஹபீபா சட்டென்று எட்டி இன்ஜினை நிறுத்தினாள். மூங்கில் கழியை முன்னால் தண்ணீரில் விட்டாள்.

ணங்!

முழங்கால் ஆழத்தில் பாறை. இன்னும் இரண்டு முழம் போயிருந்தால் வள்ளம் கிழிந்திருக்கும். இதையா மகன் கையில் கொடுக்க இருந்தேன் என்று நினைத்துக்கொண்டார் கஸ்பார்.

ஹபீபா சாம்பல் திரையைப் பக்கத்தில் வைத்தாள். அதே வெயிலில் பாறை அதில் கன்னங்கரேலென்று தெரிந்தது.

“கரையிலயும் இதே வெயில்தானே டீச்சர்! என் கண்ணால படிச்சேனே!”

“படிச்சீங்க. அப்ப உங்க இடது கை எங்க இருந்துச்சு?”

யோசித்தார். கரையில் அந்தக் கை திரைக்கு மேலே குடை மாதிரி கவிந்திருந்தது. அப்படிப் பிடித்தது அவருக்கே தெரியவில்லை. இப்போது அது கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒன்று கேட்டார்.

“இந்தச் சாம்பல் திரை இருட்டுல தெரியாதே டீச்சர்?”

“இருட்டுக்கு இதுலயே விளக்கு இருக்கு அண்ணாச்சி. வெயில யாரு அணைக்கிறது?”